ஒரே ஒரு கம்பளி

என் தம்பி என் வீட்டுக்காரரோடு பேச மாட்டான். என் வீட்டுக்காரர் என் தம்பியோடு பேச மாட்டார். இரண்டு பேரும் என்னோடு மட்டும் பேசுவார்கள். ஒருவர் துப்புவதை ஏந்திக்கொண்டு போய் இன்னொருவர் காதில் ஊற்றுவதற்கென்றே நான் பிறந்தேன் என்று இருவருக்கும் நினைப்பு.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. அவர் வைத்திருந்த பஞ்சர் கடை படுத்துவிட்ட சமயம். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு விருந்தில், இரண்டாம் முறை சோறு கேட்ட அவரைப் பார்த்து என் தம்பி, "எங்க அக்காவ நல்ல தண்டச்சோறா பாத்துத்தான் கட்டிக் கொடுத்திருக்கோம்" என்றான். பந்தியே சிரித்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "இனிமே என் வாசப்படிய மிதிச்சே, கால ஒடச்சிடுவேன்" என்றார். தம்பிக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. அன்றிலிருந்து என்னைப் பார்க்க வந்தால் தெருமுனையில் பைக்கை நிறுத்திப் போன் அடிப்பான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு என் வீட்டில் உட்கார வைத்து ஒரு வேளைச் சோறு போட முடியவில்லையே என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

அவர் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. பால் வண்டி ஓட்டினார், கனரக லைசென்ஸ் எடுத்தார், ஒரு லாரிக் கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டார். நெடுந்தூர ஓட்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் முதல் நடையைப் பழைய டிரைவர் ஒருவரோடு போய் வர வேண்டும். திரும்பி வந்து அந்தப் பழையவர் 'ஆள் தேறுவான்' என்றால் வேலை நிலைக்கும். இல்லை என்றால் வீடு. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஷெட்டில் ஒரே ஒரு லாரியில்தான் துணை டிரைவர் இடம் காலியாக இருந்தது. அது அங்கேயே பழைய டிரைவராக இருக்கும் என் தம்பி ஓட்டுகிற லாரி. அவனுக்கு ஷெட்டில் 'ஹாரன்' என்று பெயர். அவனோடு போனவர்கள் யாரும் இரண்டாம் முறை போனதில்லை.

நான் ஷெட் சூப்பர்வைசரிடம் போய்க் கெஞ்சினேன். அந்த மனிதர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மாமன் மச்சான் சண்டையெல்லாம் கேட்டுக்கு வெளியில வச்சுக்குங்கம்மா. உள்ள வந்தா டிரைவர், அவ்வளவுதான்" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு பேருக்குமான சாமான் பெட்டியைப் புது ஆள்தான் கட்டிக் கொண்டுவர வேண்டும். சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை இருக்கும். அதற்கு அடியில் ஒரு பெட்டிக்குத்தான் இடம். ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்குவார். பெட்டி கட்டுவது என் பிழைப்பு. கிடங்கில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன். நான் கட்டிய பெட்டி உடைந்து திரும்பியதாகப் பேச்சே கிடையாது. ஆகவே இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

தம்பி போன் செய்தான். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு, கேட்காதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, தட்டு ரெண்டு, டம்ளர் ரெண்டு. உன் வீட்டுக்காரர் வாய் வச்ச டம்ளர்ல நான் குடிக்க மாட்டேன்."

"அவன் குடிச்ச டம்ளர நான் கழுவிக்கூட வைக்க மாட்டேன்னு சொல்லு," என்றார் இவர்.

"என்ன சொல்றாரு?"

"சரிங்கறார்," என்றேன்.

"டார்ச்சும் ரெண்டு. இருட்டுல டயர் பாக்க எறங்குறப்ப என் கைய எதிர்பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. கையுறை ரெண்டு ஜோடி, சார்ஜர் ரெண்டு. பொதுக் குளியலறைக்கு ரப்பர் செருப்பு. வயித்து மாத்திரை, தலைவலித் தைலம். தலகாணி ரெண்டு வை. அவரு தலையில எண்ணெய் வழியும்."

"எனக்கு எண்ணெயாவது வழியுது. அவன் தலைக்குள்ள என்ன இருக்குன்னு கேளு."

"கம்பளி ரெண்டு. மலைப்பாதை. குளிரு எலும்புக்குள்ள போயிடும்."

"அவனுக்கு எதுக்குக் கம்பளி? வாயத் தெறந்தா அனல் அடிக்குமே."

நான் போனை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் இவர் விடவில்லை. நான் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பெட்டிக்குள் அடுக்கி முடித்ததும், மின்சார வேலைக்கு வைத்திருந்த கறுப்பு டேப்பை எடுத்து வந்தார். பெட்டியின் உள்ளே அடியிலிருந்து விளிம்புவரை நடுவாக ஒரு கோடு ஒட்டினார். ஒட்டிவிட்டு, "இந்தப் பக்கம் என்னுது. அந்தப் பக்கம் உன் தம்பிது. கை நீட்டினான்னா நடக்கறதே வேற" என்றார். தன் டம்ளரில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலையும் கட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

பெட்டிக்குள்ளேயும் பாகம் பிரித்தாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை. எத்தனை நாளைக்குத்தான் நான் நடுவில் கிடந்து நசுங்குவது? டேப்பைப் பிய்த்து எறிந்தேன். ஒரு பக்கத்துச் சாமானை அப்படியே வழித்து எடுத்துப் பீரோவுக்குள் தள்ளினேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு டார்ச், ஒரு சார்ஜர், ஒரு தலையணை. இரண்டாவது கம்பளியும் அந்தக் கையோடு பீரோவுக்குப் போயிற்று. காலி இடம் தெரியாமல் இருக்க ரொட்டியும் பிஸ்கட்டும் கடலையும் போட்டு நிரப்பினேன். சிவப்பு நூலைக் கத்தரித்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினேன். அவர் குளித்து வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. திறந்து பார்க்கவில்லை.

ஷெட் கேட்டில் தம்பி லாரியைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவரைப் பார்த்ததும் துணியை உதறியதில் தூசி எல்லாம் அவர் சட்டைமேல் விழுந்தது.

"டயரத் தட்டிப் பாத்தாராமா?" என்று என்னிடம் கேட்டான்.

"பாத்தாச்சுன்னு சொல்லு," என்றார் அவர் என்னிடம்.

"முன்னாடி எடது பக்கம் காத்து கம்மி. பஞ்சர் கடை வச்சிருந்தவருக்கு அதுகூடத் தெரியலயான்னு கேளு."

நான் கேட்கவில்லை. அவர் போய்க் காற்றடித்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் இரண்டு கதவு வழியாக ஏறி, இரண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள். லாரி திரும்பி மறைந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இனி நடுவில் நான் இல்லை, தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒருவரை ஒருவர்தான் கேட்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் போன் வந்தது.

"அக்கா, பெட்டியில ஒரே ஒரு தட்டுதான் இருக்கு."

"அப்படியா?"

"நீ மறக்கற ஆளா? உன்ன எனக்குத் தெரியாதா?" அதற்குள் அந்தப் பக்கம் போன் கைமாறியது. "உனக்குப் புத்தி பெசகிடுச்சாடி? நான் அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்று இவர் கத்தினார்.

"ஆமா, வேணும்னேதான் செஞ்சேன். சேந்து சாப்பிடுங்க. இல்ல பட்டினி கெடங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன். நன்றாக இருந்தது. பல வருடம் தொண்டையில் நின்றதைத் துப்பியது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் அடித்தேன். தம்பி நம்பர் அணைந்திருந்தது. இவர் நம்பரும் அணைந்திருந்தது. கோபத்தில் அணைத்து வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும் என்று இருந்தேன். மறுநாளும் அப்படியே இருந்தபோது சூப்பர்வைசருக்கு அடித்தேன்.

"மலையில மண்ணு சரிஞ்சிருக்கும்மா. முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது. வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. டீசல் தீந்துடும்னு யாரும் இன்ஜினப் போட மாட்டாங்க. பயங்கரக் குளிராம். போத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருப்பாங்க, பயப்படாதீங்க."

போர்த்திக்கொண்டு. நான் பீரோவைத் திறந்தேன். மடித்த மடிப்புக் கலையாமல் கம்பளி உள்ளே இருந்தது. ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்குவார், அதற்கு ஒரு கம்பளி போதும். லாரி நின்றுவிட்டால் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து குளிரில் நடுங்க வேண்டும் என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை. தட்டு விஷயத்துக்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. கம்பளி விஷயம் வேறு. இரண்டு பேருடைய வீம்பும் எனக்குத் தெரியும். அவன் எடுக்கட்டும் என்று இவர் இருப்பார், அவர் எடுத்தால் எடுக்கட்டும் என்று அவன் இருப்பான், கம்பளி நடுவில் கிடக்கும், இரண்டும் விறைத்துப் போகும். அன்று கிடங்கில் காலிப் பெட்டி ஒன்றை ஒட்டி அனுப்பப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பாதை திறந்துவிட்டது, வண்டி கிளம்பிவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்னார். ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்றதற்கு, "டிரைவர் இல்லாம வண்டி கெளம்புமாம்மா?" என்று வைத்துவிட்டார்.

அவர்கள் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். தெருவிலேயே சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சத்தமும். அடித்துக்கொண்டே வருகிறார்கள், எல்லாம் போயிற்று, வேலையும் போயிற்று, தம்பியும் போனான் என்று நினைத்தேன். கதவு படாரென்று திறந்தது. தம்பி பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்து கூடத்தின் நடுவில் தொப்பென்று போட்டான். பின்னாலேயே அவர். இரண்டு பேருக்கும் தாடி. இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"இரு மச்சான், நான் கேக்கறேன்," என்றார் அவர். "ஏண்டி, இன்னொரு கம்பளி எங்க?"

"பீரோல."

"கேட்டீங்களா மாமா? பீரோவுக்குக் குளிருமாம்."

"போன் ஏன் அடிக்கல?" என்றேன்.

"போனா? இருக்கறது ஒரு சார்ஜர். நான் இழுத்தேன், இவரு இழுத்தாரு. ஒயர் கையோட வந்துடுச்சு."

"நான் எங்கடா இழுத்தேன்? நான் புடிச்சிட்டிருந்தேன். நீதான் இழுத்த."

"சரி, நான்தான் இழுத்தேன். ஆனா அதுக்குக் காரணம் யாரு?"

"இவதான்," என்றார் அவர். அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"கம்பளிய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொத ராத்திரி ஸ்டியரிங் மேல கெடந்துச்சு. யாரும் தொடல," என்றான் தம்பி. "இவரு பல்லு அடிச்ச சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல."

"அது உன் பல்லுடா."

"மறுநா ராத்திரி?" என்றேன்.

"மறுநா என்ன மறுநா," என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாகவா முடியும்? ஒண்ணா போத்திக்கிட்டோம்."

"ஒண்ணா போத்திக்கிட்டு?"

"உன்னத்தான் திட்டினோம். விடியற வரைக்கும்," என்றான் தம்பி. "சின்ன வயசுலயே இவளுக்கு இந்தப் புத்திதான்னு நான் சொன்னேன்."

"கல்யாணமாகி ஒரு வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நான் சொன்னேன்."

"ஷெட்ல என்னடா சொன்னே?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"தேறுவாருன்னு சொன்னேன். உன்னோட இத்தன வருஷம் குடும்பம் நடத்தினவருக்கு லாரி எல்லாம் ஒரு விஷயமா?"

அவர் அதற்குள் பீரோவைத் திறந்து, நான் ஒளித்து வைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்குள் போட்டார். அடுத்த நடைக்குப் பெட்டியை அவர்களே கட்டிக்கொள்வார்களாம். நான் கிட்டவே வரக்கூடாதாம். பெட்டி கட்டியே பிழைக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்று குத்தியது. தட்டை அவர் கவிழ்த்து வைத்தார், டார்ச்சைத் தம்பி தண்ணீர்க் கேனோடு சேர்த்துத் திணித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

பெட்டியை மூடி நிமிர்ந்தபோதுதான் தம்பிக்கு உறைத்தது, தான் எங்கே நிற்கிறோம் என்று. தன் காலைப் பார்த்தான். திறந்து கிடந்த கதவைப் பார்த்தான். வாய் பாதியில் நின்றுவிட்டது. ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். "சரி, நான் கெளம்பறேன்" என்று என்னிடம் முணுமுணுத்தான். இரு என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

அவரும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"எங்க போற? இன்னும் சார்ஜர் விஷயத்த அவகிட்ட ஒழுங்கா சொல்லல. நின்னுக்கிட்டே என்னடா திட்டற, உக்காந்து திட்டு."

தம்பி உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வாயில் பதில் வண்டி வண்டியாக இருந்தது. நான் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். பதில் பேசினால் திட்டு சீக்கிரம் முடிந்து அவன் எழுந்துவிடுவானோ என்று பயந்து, வாயைத் திறக்காமல் சோறு போட்டேன்.