முன்கூட்டியே எடுத்த பிறந்தநாள்

கேக்கக்காவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள்ளேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது. தெருவில் எல்லாருக்கும் அவள் கேக்கக்காதான். கட்டிய கணவன்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான். சொந்தச் சமையலறையிலேயே பிறந்தநாள் கேக், கல்யாண நாள் கேக் என்று செய்து விற்கிறாள். செய்வது அவளுக்குக் கஷ்டமில்லை. செய்ததை நாலு பேருக்குக் காட்டுவதுதான் உயிரை வாங்குகிறது. தினம் ஒரு வீடியோ போட வேண்டும். ஒரு நாள் விட்டால் பார்க்கிறவர்கள் மறந்துவிடுவார்கள், இரண்டு நாள் விட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இதற்கும் ஒரு வகுப்பு இருந்தது. வீட்டிலிருந்தே தொழில் செய்யும் அம்மா அப்பாக்களுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று ஆன்லைனில் ஒருவர் நடத்தினார். உட்கார்ந்து கேட்க நேரமில்லாமல், மாவு கலக்கிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்டாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: மாதத்துக்கு வேண்டிய வீடியோக்களை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். எது எந்தத் தேதியில் போக வேண்டும் என்று குறித்து வைத்துவிடுங்கள், அது தானாகப் போய்க்கொள்ளும். கீழே யாராவது எழுதினால் பதிலும் தானாகப் போகும். மிச்சமாகிற நேரத்தைப் பிள்ளைகளோடு செலவிடுங்கள். கடைசி வரியைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுப்பு மணி அடித்ததால் அழவில்லை.

அப்படித்தான் அந்த ஞாயிறு வீடு முழுக்க விளக்கும் வயருமாகக் கிடந்தது. கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அந்த ஒரு நாளும் போனைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் நின்றான். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கேக் எல்லாம் தெர்மாகோல். வட்டமாக வெட்டிய தெர்மாகோலின் மேல் கிரீம் பூசி எடுப்பது, எடுத்ததும் வழித்துவிட்டு அடுத்த நிறம் பூசுவது. ஒவ்வொரு வீடியோவுக்கும் அவள் உள்ளே ஓடிப்போய் வேறு புடவை சுற்றிக்கொண்டு வந்தாள். மேல் பாதிதான் தெரியும் என்பதால் கீழே கொசுவம் எல்லாம் கிடையாது, சும்மா சொருகல்தான். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் மாதிரி பறந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கூப்பிடும் பெயர் வாண்டு. அவளுக்கும் அன்று ஓய்வில்லை. குழந்தை சிரிக்கிற வீடியோவுக்குத்தான் கூட்டம் கூடும் என்று வகுப்புக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார்.

பட்டியலை ஓட்டிப் பார்த்த கணவன்தான் ஆரம்பித்தான்.

"ஏய், அடுத்த மாசம் நம்ம வாண்டுக்குப் பிறந்தநாள் வருதே?"

"வருது. அன்னிக்கு எனக்குக் கல்யாண கேக் ஆர்டர் இருக்கு. மூணு அடுக்கு."

"அப்ப அன்னிக்கு எங்க வீடியோ எடுக்கிறது? கையோட இதையும் எடுத்துடலாம். பலூன் ஊதினா ஆச்சு."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள் என்று சொன்னால் பொய். யோசிக்கிற நிலையிலா இருந்தாள்? பலூன் ஊதினார்கள். பிறந்தநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். தெர்மாகோலுக்கு இளஞ்சிவப்பு பூசி, மெழுகுவத்தி செருகி, வாண்டுவை முன்னால் நிறுத்தினார்கள்.

வாண்டுவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அம்மா, இன்னிக்கா எனக்குப் பிறந்தநாளு?"

"ஆமாண்டி செல்லம், ஆமா. கேமராவப் பாத்துச் சிரி."

வாண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று எடுத்ததில் நிஜமான சிரிப்பு அது ஒன்றுதான். விளக்கு சரியில்லை என்று மூன்று தடவை ஊதச் சொன்னார்கள். மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ வேண்டிக்கொண்டுதான் ஊதினாள். கடைசித் தடவை ஊதி முடிப்பதற்குள் அப்பா பலூனைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டான். அடுத்து எடுக்க வேண்டியது அறுபதாம் கல்யாண கேக், அதற்குப் பலூன் ஆகாது. கேக் வெட்டத் தரவில்லையே என்று வாண்டு கேட்டாள். "இது வெட்டுறதில்லடி" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினாள் அம்மா.

வகுப்புக்காரர் சொன்னது பொய்யில்லை. மறுநாளிலிருந்து வீடியோக்கள் தேதி தவறாமல் போயின. ஆர்டர் குவிந்தது. குவிந்த ஆர்டரைச் செய்யவே மிச்சமான நேரமெல்லாம் போனது, அதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் வாண்டு வேன் டிரைவரிடம், பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவிடம், வாசலில் கேக் வாங்க நிற்கிறவர்களிடம், எல்லாரிடமும் தனக்கு ஆறு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அம்மா காதிலும் விழுந்தது. பெரிய மனுஷி ஆக அவசரப்படுகிறாள் என்று சிரித்தாள்.

பிறந்தநாள் வந்தது. விடிந்ததும் வீடியோ தானாகப் போய்விட்டது. கேக்கக்கா எழுந்து, பல்கூடத் தேய்க்காமல் கிரீம் அடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அக்கா போனில் வந்தாள்.

"ஏண்டி, விடியறதுக்குள்ள கேக் வெட்டிட்டீங்களா? குழந்தை என்னமா சிரிக்குது! நான் ஆசையா நாலு வரி வாழ்த்து எழுதினா, 'நன்றி, உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் எங்களை நாடுங்கள்'னு பதில் வருது. பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேனே அவள, நான் என்ன உன் கஸ்டமரா?"

"அக்கா, அது தானா போகுதுக்கா."

"எது தானா போகுது? பாசமா?" என்று போனை வைத்துவிட்டாள் அக்கா.

இதற்கு முகம் சுளிக்கக்கூட நேரமில்லை. சாயங்காலம் ஆர்டரை அனுப்பிவிட்டு மகளுக்கு ஒரு கேக் வெட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். வாண்டு குளித்துவிட்டு வந்து நின்றாள். போட்டிருந்தது பள்ளிச் சீருடை.

"ஏண்டி, இன்னிக்குக் கலர் டிரஸ் போட்டுட்டுப் போலாமே. உன் பிறந்தநாளுடி இன்னிக்கு."

"அதான் முடிஞ்சுபோச்சே."

கோபமில்லை, அடமில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பது போலச் சொன்னாள். கேக்கக்கா சிரித்துவிட்டாள்.

"முடியலடி கண்ணு. இன்னிக்குத்தான்."

"அன்னிக்கு ஊதினேனே?"

"அது வீடியோவுக்குடி."

"நான் கேட்டேன். நீதான் ஆமான்னு சொன்ன."

கேக்கக்காவுக்குச் சுருக்கென்றது. இரண்டு கையும் கிரீம். குனிந்து பிள்ளையை அணைக்கவும் முடியவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. வாண்டு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஓடாவிட்டாலும் செய்துதானே ஆக வேண்டும்? மூன்று அடுக்கையும் ஏற்றினாள். போன் விடாமல் துடித்தது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் வாண்டுவை வாழ்த்தினார்கள், அவர்களுக்கெல்லாம் அந்தப் பதில் சலிக்காமல் போய்க்கொண்டிருந்தது. மகள் இத்தனை நாளாக எத்தனை பேரிடம் தன் வயதைச் சொல்லித் திரிந்தாள் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அம்மா சொன்னதை நம்பித்தானே சொன்னாள். இனிமேல் தான் என்ன சொன்னாலும் அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்று யோசிக்கிற பிள்ளையாகிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கல்யாண வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அரை மணி நேரம் பிந்தும் என்றாள். அவர் கத்தினார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டாள். அந்த அரை மணியில் புதிதாக மாவு கலந்து, சின்னதாக ஒரு கேக் சுட்டாள்.

சாயங்காலம் கணவனும் சொல்லிவைத்தபடி சீக்கிரம் வந்துவிட்டான். கையில் எண்ணெய்க் கறை, ஆனாலும் வாசலிலேயே நின்று மூச்சு முட்டப் பலூன் ஊதினான். காலையில் நடந்ததை அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். "நான்தான் அந்த யோசனை சொன்னேன்" என்றான். "நான்தான் ஆமான்னேன்" என்றாள். இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

கேக்கை மேசையில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மகளைக் கூப்பிட்டார்கள். வாண்டு எட்டிப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே உள்ளே போய் முகம் கழுவி, தலை சீவி, அந்தப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். மேசைக்கு இடப்பக்கம், வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள். மோவாயைத் தூக்கிச் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிந்தது.

"போன் எடுக்கலடி. நம்ம மட்டும்தான். சும்மா நில்லு."

"சரிம்மா" என்றாள். சிரிப்பை மட்டும் இறக்கவில்லை.

ஊதினாள். இன்னொரு தடவை ஏற்றுவார்கள் என்று அப்பாவின் கையைப் பார்த்தாள். அவன் கத்தியை நீட்டினான். "வெட்டுடா தங்கம். நல்லா அழுத்தி வெட்டு." அழுத்தினாள். கத்தி உள்ளே இறங்கியதும் ஒரு கணம் அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம் தெரிந்தது. கேக்கக்காவுக்கு உயிர் வந்தது போலிருந்தது. வாண்டு ஒரு துண்டை எடுத்து அம்மாவுக்கு ஊட்டினாள், அப்பாவுக்கு ஊட்டினாள், தானும் கடித்தாள். ருசித்து மென்றாள். அப்பா பலூனைப் பிடுங்காமல் உட்கார்ந்திருப்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பிறகு அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, ரொம்ப நல்ல பிள்ளையாகக் கேட்டாள்.

"இது எந்தத் தேதிக்கும்மா?"

"இன்னிக்குத்தாண்டி கண்ணு. சத்தியமா இன்னிக்குத்தான்."

வாண்டு தலையாட்டினாள். அம்மா வருத்தப்படக் கூடாதே என்று ஆட்டினாள்.