கோரிக்கை இல்லாத மனு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கதாசிரியன் இல்லை. நில அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன். இந்தக் கதையைக்கூட முதலில் ‘பணிந்து சமர்ப்பிப்பது என்னவென்றால்’ என்றுதான் தொடங்கினேன். பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.

2

எங்கள் ஊர்த் தையற்காரம்மா ஒருவரின் வீடு நிற்கும் நிலம் அவருடையதா, அரசுடையதா என்று ஒன்பது வருஷ இழுபறி. எல்லைக்கல்லைக் காணோம். காட்டாவிட்டால் வீடு போய்விடும். பதினான்கு மனு எழுதிக் கொடுத்தேன். (ஒன்றும் பலிக்கவில்லை. என் எழுத்தின் லட்சணம் அப்படி.)

ஒருநாள் சர்வேயர் வந்தார். ‘மேசைக்கு அடியில் அவர் கை மெல்ல…’

ஊகூம். நீங்கள் எதிர்பார்ப்பது லஞ்சம்தான், ஆனால் நடக்காததை எழுதினால் நாக்கு அழுகிவிடும். நல்ல வெயில். அளந்து களைத்தவர், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?” என்றார்.

“கொழாய்ல தண்ணி வரலீங்க.”

[குடத்தில் நிறைய இருந்தது. இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சினார். எடுக்க மாட்டேன்.]

சர்வேயர் வரைபடத்தை மறுபடி பார்த்து, அளந்த கோடு முடியும் இடத்துக்குப் போனார். கொல்லையில் இருந்த துவைக்கிற கல்லைப் புரட்டி, முட்டி போட்டுக் கையாலேயே தோண்டினார். அடியில் எல்லைக்கல்!

“அடப்பாவமே, இத்தன வருஷமா அது மேலயேதான் தொவச்சேனா!”

3

‘நிலம் மனுதாரருடையதே’ என்று அரசு ஆணை வந்தது. அம்மா அழுதார், சிரித்தார், என்னிடம் ஓடி வந்தார்.

“இன்னொரு மனு எழுதுங்கண்ணே. அந்த சர்வேயருக்கு நன்றி சொல்லணும். பேரக்கூடக் கேக்கல.”

அவரோ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நில அலுவலகத்தில் தபால் வாங்கும் எழுத்தர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோரிக்கை என்னம்மா?”

“ஒண்ணுமில்லீங்க. நன்றிதான்.”

“கோரிக்கை இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. ஏதாவது கேளுங்க. அப்பதான் அவருக்குப் போகும். முப்பது நாள்ல அவர் பதில் சொல்லியே ஆகணும்.”

அம்மா முந்தானையைத் திருகினார்.

“வீட்டப் புடுங்க வந்தவர்னு நெனச்சு, தண்ணி இல்லன்னு பொய் சொல்லிட்டேன். ஒருதடவ வந்து குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”

எழுத்தர் சிரிக்கவில்லை. அப்படியே தட்டச்சு செய்து முத்திரை குத்தினார். அந்த மனிதருக்கும் நன்றி.

4

இன்று இருபத்தொன்பதாம் நாள். அம்மா குடத்தைக் கழுவி நிரப்பி வைத்திருக்கிறார். ‘வாசலில் செருப்புச் சத்தம்…’ என்று எழுதக் கை துடிக்கிறது. எழுத மாட்டேன். பதினான்கு மனுவிலும் நான் எழுதிய முடிவு ஒன்றுகூட நடக்கவில்லை.

நீங்கள் எழுதுங்கள். உங்கள் கை ராசியான கையாக இருக்கட்டும்.