தலையணை உறைத் துண்டு

வலது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது நெட்டையக்காவுக்கு. ரோலரிலிருந்து மடிப்பு மேசைக்கு மாற்றினால் வலி போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றி ஏழு மாதம் ஆகிறது. வலிக்குத்தான் மாற்றல் உத்தரவு போய்ச் சேரவில்லை போலும். பழைய நேரத்துக்கு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அந்தச் சலவை ஆலையில் உயரம்தான் அவளுக்குப் பேர். பதினோரு வருடம் ரோலரில் நின்றவள். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டலிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து, கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, தேய்த்து வரும். உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் ரோலர் நின்றுவிடும். ஆனால் விரல் எது, விரிப்பின் தடித்த ஓரம் எது என்று கம்பிக்குத் தெரியாது. எது பட்டாலும் நிற்கும். நின்றால் மறுபடி கிளம்ப ஆறு நிமிஷம். ஒரு நாளைக்கு முப்பது தடவை நின்றால் அன்றைய எண்ணிக்கை எங்கிருந்து தேறும்?

அதனால் கிழிந்த தலையணை உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, கம்பி அசையாதபடி கட்டிவிடுவார்கள். கட்டு என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. வாரத்துக்கு ஒருத்தி என்று பெண்களே முறை வைத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசருக்கு வெளியே போய் போன் பேச வேண்டியிருக்கும். சோதனைக்கு ஆள் வருகிற நாளில் மட்டும், "கம்பியைக் கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வாயாடியின் மூன்று விரல்கள் ரோலரில் போயின. அந்த வாரம் கட்டும் முறை நெட்டையக்காவுடையது.

வாயாடி ஒன்பது வருடமாக விரிப்பின் அடுத்த முனையைப் பிடித்தவள். காலையில் திறந்த வாயை மணி அடித்த பிறகுதான் மூடுவாள். அவள் பேச்சில்தான் ரோலரின் சூடே தெரியாமல் போகும் என்பார்கள். அன்றைக்குப் பேச்சு நடுவில் அறுந்து அலறலானது. யாரோ சிவப்புப் பொத்தானை அடித்தார்கள். இரண்டு பேர் அவளைப் பிடித்து இழுத்தார்கள். ஓடிவந்த சூப்பர்வைசர் கையைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தார். அப்புறம் நெட்டையக்காவைப் பார்த்தார். அவ்வளவுதான், வாயே திறக்கவில்லை. நெட்டையக்கா தன் இடுப்பில் செருகியிருந்த நூல் கத்தரியை எடுத்து, துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "அக்கா, என் கையைப் பாருக்கா, கையைப் பாருக்கா" என்று வாயாடி தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். அக்கா முதலில் துண்டைத்தான் பார்த்தாள்.

விசாரணையில் நெட்டையக்காவோடு சேர்த்து ரோலரில் நின்ற ஐந்து பேரும், கட்டு எதையும் பார்க்கவில்லை என்றார்கள். கம்பி ஒழுங்காக வேலை செய்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நஷ்டஈடு இல்லை என்று ஆனது. அடுத்த மாதம் நெட்டையக்காவுக்கு மடிப்பு மேசை கிடைத்தது. எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"உங்க பேரே வேணாம்கா. நீங்க பதினாலு. இதுல பேசறது எதுவும் யாருக்கும் போகாது, அது என் பொறுப்பு" என்று சின்ன டேப்பை முட்டி மேல் வைத்துக்கொண்டாள்.

பேர் இல்லை என்றதும் நெட்டையக்காவின் நாக்கு அவிழ்ந்தது. முறை வைத்தது, கட்டியது, அறுத்தது எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். நல்ல பெண்தான்.

"நிறைய பேர் கூட நிக்கும்போது பொறுப்பு எல்லார் மேலயும் சிதறிடும்கா. நீங்க தனியா இருந்திருந்தா முதல்ல கையைத்தான் பிடிச்சிருப்பீங்க. மேல இருக்கறவங்க கண்ணைக் காட்டினாலே நம்ம கை கேட்டுடும். இது உங்க குணம் இல்ல, சூழ்நிலை. யாரா இருந்தாலும் அந்த இடத்துல அநேகமா இதைத்தான் செஞ்சிருப்பாங்க."

சூழ்நிலை. நாள்பட்ட நோய்க்கு டாக்டர் ஒரு பேர் சொன்னால் பாதி நோய் இறங்குமே, அப்படி இருந்தது. அன்றைக்கு வீட்டில் புருஷன் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது சொன்னாள்: "அன்னிக்கு அறுத்தது நான் இல்லையாம். சூழ்நிலையாம்."

மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த கை, தேய்ப்பதை நிறுத்தியது. "அப்ப மாசச் சம்பளத்தையும் அதுதான் வந்து வாங்குதா?"

"உனக்கு எல்லாம் கிண்டல்."

"நான் எங்கடி கிண்டல் பண்ணேன்? கேட்டேன்."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருந்தாலும் அந்த மாதம் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாயாடி வந்தாள். வலது கையை முந்தானையால் மூடியிருந்தாள். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்குள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுவாள். இப்போது உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேல்முறையீடுக்கா. கடைசித் தடவையாம். கம்பி கட்டியிருந்துச்சுன்னு ஒரே ஒருத்தர் வந்து சொன்னா போதுமாம். நீ வா."

நெட்டையக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாயாடி இடது கையால் எடுத்தாள்.

"நீ கட்டினேன்னு எனக்குக் கோபம் இல்ல. அடுத்த வாரம் என் முறை, நானும்தான் கட்டியிருப்பேன். நான் கத்திட்டுக் கிடக்கும்போது அறுத்தே பாரு, அதுதான் இன்னும் ஆறல. அந்தத் துண்டு இருக்கா?"

"அதெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு." துண்டு பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே இருந்தது. இரண்டு தடவை துவைத்தும் பழுப்புக் கறை போகவில்லை.

"சரி, துண்டு வேணாம். நீ வா."

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேண்டி. ஒண்ணுவிடாம."

வாயாடியின் முகம் மலர்ந்தது. "யார்கிட்ட?"

"ஆராய்ச்சிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, அதுகிட்ட. டேப்புல இருக்கு. அது சொல்லுது, இது நம்ம குணம் இல்லையாம், சூழ்நிலையாம். யாரா இருந்தாலும் அப்படித்தானாம்."

வாயாடி தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். பழைய சிரிப்புதான், ஆனால் உள்ளே ஆள் இல்லை.

"என்கிட்ட சொல்லல, ஆபீசர்கிட்ட சொல்லல, வழியில போனவகிட்ட சொல்லியிருக்கே. அதுக்குப் பேரு வேற வெச்சுக் குடுத்திருக்கா. நல்லாயிருக்குக்கா. வியாழக்கிழமை நீ வர வேணாம், அந்தச் சூழ்நிலையைக் கூட்டிட்டு வா. அது வந்து கையெழுத்துப் போடட்டும். எனக்குத்தான் இப்ப கைநாட்டு வெக்கறதுகூடக் கஷ்டம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "ஒன்பது வருஷம் ஒரே துணியைப் பிடிச்சோம்கா" என்றாள். படியிறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை நெட்டையக்கா அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் செய்தாள். "அந்த டேப்பை மட்டும் ஆபீசர்கிட்டக் குடுத்துடும்மா. நான் வரலை. அதுவே பேசட்டும்."

"முடியாதுக்கா. வெளியில விடமாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதை மீறினா தப்பு."

"நான்தானே சொல்றேன், மீறுன்னு!"

"டேப்பைக் குடுத்தா, யார் பேசினதுன்னு கேப்பாங்கக்கா. பேர் சொல்லணும். அதுக்கு நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடலாமே, அதை யாரும் தடுக்க முடியாது."

"சொன்னா மேசை போயிடும்மா. வேலையும் போயிடும். இந்தத் தோளை வெச்சுக்கிட்டு எவன் சேத்துக்குவான்?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மிகத் தாழ்ந்த குரலில் அந்தப் பெண் கேட்டாள்: "புரியுதுக்கா. இதையும் நான் எழுதிக்கலாமா?"

வியாழக்கிழமை சூப்பர்வைசர் வழக்கமில்லாத வழக்கமாக மேசைக்கே டீ அனுப்பினார். "தோள் எப்படி இருக்கும்மா? ஆள் கம்மி, இன்னிக்கு லீவு கீவுன்னு கேட்டுடாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் லீவு கேட்கவே இல்லை. பத்து மணிக்குக் கிளம்பினால் பஸ் பிடித்துப் போய்விடலாம். பத்தே காலுக்குக் கிளம்பினால் ஆட்டோவில். பத்தரைக்கு அவள் இருபது தலையணை உறை மடித்திருந்தாள். பத்தே முக்காலுக்கு நாற்பது.

கிழிந்தவை மடிப்பு மேசையில்தான் தனியாக ஒதுங்கும். பதினோரு மணிக்கு, வாயாடியின் இடத்துக்கு வந்திருக்கும் புதுப்பெண் ரோலரிலிருந்து ஓடிவந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். நகத்தில் மருதாணி இன்னும் அழியவில்லை.

"அக்கா, கம்பி நிறுத்திக்கிட்டே இருக்கு. இந்த வாரம் என் முறையாம். ஒரு துண்டு கிழிச்சுக் குடுங்கக்கா."

நெட்டையக்கா அவள் விரல்களைப் பார்த்தாள். பத்தும் இருந்தன. ரோலர் ஓரத்தில் நான்கு பேர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். அவளைச் சுற்றி எல்லாம் அந்த ஆராய்ச்சிப் பெண் ஸ்டோர் ரூமில் சொன்ன மாதிரியே நின்றது. அது தெரிந்தும் கை, ஒதுங்கிக் கிடந்த உறையை எடுத்தது. தையல் பக்கமாகப் பிடித்து ஓர் இழுப்பு. தோளில் சுரீர் என்றது. துண்டு நேராகக் கிழிந்து வந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டு" என்றாள்.

வாயாடிக்கு அவள் ஒரு வாய்வார்த்தை பாக்கி. அதிகாரி முன்னால் நின்று, பதினான்கு என்ற எண்ணை விட்டுத் தன் பேரைச் சொல்லி, "கம்பியைக் கட்டினது நான், அறுத்து மறைச்சதும் நான்" என்று சொல்ல வேண்டியது. இன்னும் சொல்லவில்லை.