துரை நனைத்த பலகை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்து அலுமாரியை நகர்த்தாமல் இருந்திருந்தால், தியாகராஜா வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மத்தியானச் சோறு சாப்பிட்டிருப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட இடம் வேண்டுமே என்று அவர்தான் அதைத் தள்ளினார். தள்ளிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அலுமாரி இருந்த இடத்தில், செங்கால் மரப் பலகைத் தரையின்மேல், தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்.

"துரையின்ர வேலை," என்றாள் மகள் பத்மாவதி.

துரை என்பது பூனை. தியாகராஜா குமாஸ்தாவாக இருக்கும் கந்தோரின் வெள்ளைக்கார அதிகாரி, சீமைக்குக் கப்பலேறும்போது கையில் கொடுத்துவிட்டுப் போனது. அவர் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதை அதட்டியதே கிடையாது. பூனையும் அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு, அலுமாரிக்கு அடியில் தனக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது.

வரப்போகிற மாப்பிள்ளையின் தாய் யோகம்மாவின் மூக்கு, பினாங்கிலிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரிந்த மூக்கு. நிபோங் திபாலில் ஒரு வீட்டில் கருவாடு மணக்கிறதென்று வாசற்படியிலேயே திரும்பி வந்தவர் அவர். இந்த இடம் சரிவராவிட்டால், மறுநாள் காலை ரயிலில் தைப்பிங் போய் இன்னொரு பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருடைய மகன் ஸ்ரீஸ்கந்தராஜாவோ, தண்ணீர்மலைக் கோயிலில் திடீரென்று மழை பிடித்தபோது, தன் குடையைப் பத்மாவதியின் கையில் திணித்துவிட்டுத் தொப்பலாக நனைந்துகொண்டு ஓடியவன். பேர்கூடச் சொல்லாமல் ஓடிய அவனை அவள் ஒரு வருஷமாக மறக்கவில்லை. தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளைப் படத்தில்தான் அந்த முகத்தைத் திரும்பக் கண்டாள். அவனைப் போய்த் தைப்பிங்குக்கு விட்டுக்கொடுப்பதா?

அம்மா ருக்குமணி முதலில் கொதிநீர் ஊற்றினாள். நாற்றம் இரண்டு மடங்காக எழும்பியது. அப்பச்சோடாவைத் தூவி, ஊறுகாய்க்கு விடும் வினாகிரிக் காடியை ஊற்றினாள். பலகை புசுபுசுவென்று நுரைத்து அடங்கியது. நாற்றம் சற்றுத் தணிந்தாலும் கறுப்பு அசையவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஹபீபா பீவி, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பூனை மூத்திரத்துக்கா இந்தப் பாடு? பெலிம்பிங் காயை நசுக்கித் தேச்சுப் பாருங்க. எங்க வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்துக்கு அதுதான். கருப்பெல்லாம் ஓடிரும் லா!"

தன் மரத்திலிருந்து ஒரு கூடை புளிப்புக் காயைப் பறித்துக்கொண்டு அவளே வந்து உட்கார்ந்து தேய்த்தாள். கறுப்பு ஓடத்தான் செய்தது. அதோடு மரத்தின் சொந்த நிறமும் சேர்ந்து ஓடிவிட்டது. கருஞ்சிவப்புத் தரையின் நடுவே பௌர்ணமி நிலா உதித்ததுபோல ஒரு வெள்ளை வட்டம்.

"முந்தியெண்டால் குனிஞ்சு பாத்தால்தான் தெரியும்," என்றாள் பத்மாவதி. "இப்ப வாசல் படலையில நிண்டே தெரியுது."

"அப்ப முழு வீட்டையும் வெள்ளையாக்குவம்!" என்றாள் ருக்குமணி.

நாற்காலிகளெல்லாம் முற்றத்துக்குப் போய் வரிசையாக நின்றன. மிச்சமிருந்த வினாகிரியை வட்டத்திலும் சுற்றிலும் ஊற்றி ஊறவிட்டு, நூர் முகம்மது கடையில் இன்னும் இரண்டு போத்தல் வாங்கிவரத் தியாகராஜா அனுப்பப்பட்டார். மிச்ச நாற்றத்துக்கு இரண்டு தட்டில் சாம்பிராணி மூட்டினார்கள். ஐந்து மணிக்குத்தானே வருகிறார்கள், நேரம் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதைத் தியாகராஜா மறந்திருந்தார். யோகம்மா மறக்கவில்லை. மகனோடு மூன்றரைக்கே வாசலுக்கு வந்துவிட்டார்.

ரிக்‌ஷாவிலிருந்தபடி அவர் கண்டது இதுதான். முற்றத்தில் வரிசையாக நாற்காலிகள். படிகளில் வழிந்தோடும் கழுவிய தண்ணீர். யன்னல்களில் சாம்பிராணிப் புகை. படியில் தலைவிரி கோலமாக ருக்குமணி, புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவள் தோளைப் பிடித்தபடி ஒரு பக்கத்து வீட்டுக்காரி. வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை.

"ஐயோ, தியாகராஜா அண்ணை!" யோகம்மாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. "என்னை வரச் சொல்லிப்போட்டு நீங்கள் போயிட்டியளே!"

நாலு பக்கத்து யன்னல்களும் திறந்தன. இரண்டு மூச்சு அழுதுவிட்டு, யோகம்மா மூக்கைச் சிந்தி, மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இறங்காதை. இனி இந்த வீட்டில முப்பத்தொரு நாளைக்குச் செத்தவீட்டுத் துடக்கு. கலியாணக் கதை கதைக்க ஏலாது. நாளைக்குத் தைப்பிங்தான்."

பத்மாவதி தரை தேய்த்த தேங்காய்ப் பொச்சை எறிந்துவிட்டு, ஈரச் சேலையோடு ஓடினாள்.

"மாமி! ஒருத்தரும் சாகேல்லை! வீடு கழுவுறம்!"

"செத்த வீடெண்டால் கழுவத்தானே வேணும், பிள்ளை."

"அப்பா கடைக்குப் போயிட்டார், மாமி!"

"பாவம், பிள்ளைக்கு அப்பிடிச் சொல்லி வைச்சிருக்கினம்," என்று யோகம்மா மறுபடி விம்மத் தொடங்கினார்.

பின்னால் இன்னொரு ரிக்‌ஷா வந்து நின்றது. இரண்டு கையிலும் ஒவ்வொரு போத்தலோடு தியாகராஜா குதித்தார். புகையையும் நாற்காலிகளையும் அழுகையையும் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, ஆர் செத்தது?"

யோகம்மாவின் விம்மல் பாதியில் நின்றது. உயிரோடு இருக்கிற மனிதருக்குத் தெருவில் ஒப்பாரி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போவது எப்படி? இறங்கி உள்ளே வந்து, வீட்டிலிருந்த ஒரே பாயில் உட்கார்ந்தார். வெட்கத்தில் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னும் எதையும் கவனிக்கவில்லை.

பத்மாவதி அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ஸ்ரீஸ்கந்தராஜா அவள் பார்வையைப் பிடித்துக்கொண்டு போய் வட்டத்தைப் பார்த்தான். பிறகு, அதன் அருகே வாலைச் சுருட்டிக்கொண்டு அமர்ந்திருந்த துரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு நேராகப் போய், வட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டான். 'சதக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"தம்பி, இஞ்ச பாயில வந்து இரு."

"இல்லை அம்மா. இஞ்சதான் நல்ல காத்து."

அந்தப் பக்கத்தில் ஒரு யன்னலும் கிடையாது.

தேத்தண்ணியும் வடையும் வந்தன. அதோடு யோகம்மாவின் மூக்கும் வேலைக்கு வந்தது. சாம்பிராணியை ஒதுக்கியது, வடையை ஒதுக்கியது, மெல்ல மெல்ல மகன் பக்கம் திரும்பியது.

"தம்பி, உன்னில என்ன ஊறுகாய் மணம்?"

"வேர்வை, அம்மா."

"அதுக்குப் பின்னால இன்னொண்டும் மணக்குது."

"அதுவும் நான்தான், அம்மா."

பத்மாவதி சேலைத் தலைப்பைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கலகலவென்று சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், ஆனால் இடத்தைவிட்டு எழும்பவில்லை. வினாகிரி மெதுவாக ஊறி ஏறிக்கொண்டிருந்தது.

யோகம்மா மகனைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத பெண்ணைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் எனக்கு ஒரு பொய் சொல்லாத பிள்ளை," என்றார் தியாகராஜாவிடம். "உங்கட வீட்டுக்குள்ள வந்து கால் மணித்தியாலத்தில மூண்டு சொல்லிப்போட்டான். இந்த மணத்தோட இவனை நான் தைப்பிங்கில எந்த வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போறது? நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. நல்ல நாளாப் பாருங்கோ."

ருக்குமணி இந்த முறை உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பிப் போகும்போது மகனை ரிக்‌ஷாவில் ஏற்ற யோகம்மா மறுத்துவிட்டார். அவர் முன்னால் போக, அவன் இரண்டு கைகளாலும் கறை படிந்த பின்புறத்தை மறைத்துக்கொண்டு பின்னால் நடந்தான். தெருமுனையில் திரும்பிப் பத்மாவதிக்குக் கையசைக்க ஆசைப்பட்டான். ஒரு கை போதும்தான். அவனோ இரண்டையும் தூக்கி அசைத்தான்.