கிளட்ச் கால்

மூன்றாவது நாளாகத் திருவொற்றியூர் சாலையில், துறைமுகத்தை நோக்கி டிரெய்லர்கள் வரிசையில் நின்றன. வரதனின் கண்டெய்னர் மாலை ஆறு மணிக்குள் துறைமுகக் கேட்டைத் தாண்ட வேண்டும். கப்பல் காத்திருக்காது. "இந்த வாட்டியும் லேட்டாச்சின்னா வேற டிரைவர் போட்டுடுவேன்" என்று முதலாளி காலையிலேயே செல்போனில் சொல்லிவிட்டார்.

ஆனால் வரதனின் இடது முழங்கால் நேற்றிலிருந்து முழுதாக நீளவில்லை. டயரைப் பார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன், யாரோ கூப்பிட்டதும் அப்படியே திரும்பி எழுந்தான். பாதம் தரையில் ஊன்றி நிற்க, மடங்கிய மூட்டு மட்டும் திருகிக்கொண்டது. உள்ளே 'களுக்' என்றது. அவ்வளவுதான்.

எதிரே ஒரு கிளினிக் இருந்தது. பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் வேலப்பன், "போய் காட்டிட்டு வா மாமு. க்யூ நகுந்தா ஹாரன் அடிக்கிறேன்" என்றான்.

கிளினிக்கில் வரதன் டாக்டர் ஹில்டாவிடம், நேற்று வேறொரு இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயை நீட்டினான். "எலும்புல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க டாக்டரம்மா. ஒரு ஊசி போட்டு வுட்டீங்கன்னா கெளம்பிடுவேன்."

"எக்ஸ்ரேல எலும்பு மட்டுந்தான் தெரியும். குப்புறப் படுங்க."

தொடைகள் மேசையில், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளியே. மூட்டுகள் சரியாக இருந்தால் இரண்டு குதிகால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும். இடது குதிகால் மூன்று விரற்கடை உயரத்தில் நின்றது.

"வலிக்குதுன்னு நீட்டலையா, இல்ல உள்ள ஏதாவது முட்டுதா?"

"முட்டுது. கதவு சந்துல கல்லு மாட்னாப்புல கீது."

அந்தப் பதிலுக்காகத்தான் அவர் கேட்டார். வலிக்குப் பயந்து நீட்டாத கால் வேறு, தடுக்கப்பட்ட கால் வேறு. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, மூட்டின் உட்புறம் இரண்டு எலும்புகளும் சந்திக்கும் கோட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். வரதன் துள்ளினான்.

"ரெண்டு எலும்புக்கும் நடுவுல பிறை மாதிரி ரெண்டு வாஷர் இருக்கு. எடையைத் தாங்குறது அதுங்கதான். உங்களுது ஒண்ணு நீளவாக்குல கிழிஞ்சு, கிழிஞ்ச பக்கம் நடுவுல வந்து மாட்டிக்கிச்சு."

வெளியே ஹாரன் அலறியது. வரதன் எழப் பார்த்தான். "அசையாதீங்க" என்று டாக்டர் அவன் காலை மெதுவாக மடக்கி, லேசாகத் திருப்பி நீட்டினார். 'டிக்'. கால் நேராகிவிட்டது.

"சரியாய்டுச்சி!"

"இல்ல. மாட்டினது விலகியிருக்கு, கிழிசல் அப்படியேதான் இருக்கு. ஸ்கேன் எடுக்கணும். அப்புறம் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பாத்து, தைக்க முடிஞ்சா தைப்பாங்க. முடியலன்னா கிழிஞ்சதை மட்டும் எடுப்பாங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. எப்ப மறுபடி மாட்டும்னு சொல்ல முடியாது."

மறுபடி ஹாரன். அவன் வண்டிக்கு ஓடியே போய்விட்டான்.

முதல் கியர். கிளட்ச் சுகமாக இறங்கியது. முன்னால் சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து கம்பிகளை ஏற்றி வந்த லாரி. கம்பி முனைகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. அது சட்டென்று நின்றது. வரதன் கிளட்சை மிதிக்க இடது காலைத் தூக்கினான். மூட்டு பாதியில் இறுகிக்கொண்டது. பெடல் முழுதாக இறங்கவில்லை. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடிப்பு விடவில்லை. வண்டி கம்பியை நோக்கித் தள்ளிக்கொண்டே போனது. வலது காலால் பிரேக்கை மிதித்தான், இன்னும் மிதித்தான். பிரேக்கும் இஞ்சினும் மல்லுக்கட்டின. இஞ்சின் உலுக்கி எடுத்து அணைந்தது.

கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்.

வேலப்பன் ஓடிவந்து கதவில் தொற்றினான். "இன்னா நைனா, கம்பியாண்ட முத்தா கேக்குறியா?"

"கால் மாட்டிக்கிச்சிடா." வரதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

வேலப்பன் சிரிப்பை நிறுத்தினான். "எறங்கு. ரெண்டு வண்டியையும் நானே நகுத்துறேன்."

"கேட்டு வரிக்குமா?"

"எனக்கு வேற இன்னா வேலை கீது?"

வரதன் சாவியை வண்டியிலேயே விட்டு, ஒற்றைக் காலில் இறங்கினான். வேலப்பன் ஒரு வண்டியை நகர்த்திவிட்டுக் குதித்து ஓடி, அடுத்ததை நகர்த்தினான். இடைவெளியில் மூக்கை நுழைத்த டிரெய்லரை வரதன் கத்தியே விரட்டினான். பிறகு முதலாளியைக் கூப்பிட்டான்.

"ஆறுக்குள்ள வண்டி உள்ள போய்டும் சார். வேலப்பன் எடுத்துகினு போறான். நாளைலேர்ந்து வேற டிரைவர் போட்டுக்குங்க."

மறுமுனையில் முதலாளி ஏதோ கேட்க ஆரம்பித்தார். வரதன் போனைக் காதில் வைத்தபடியே கிளினிக் பக்கம் நொண்டினான்.