ஜீரோ பாத்துக்கோங்க

பெட்ரோல் பங்க்கில் அவளை எல்லோரும் ஜீரோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயைக் கையில் எடுத்ததும் மீட்டரைக் காட்டி, "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்லாமல் ஒரு சொட்டு ஊற்றமாட்டாள். ஊழியர் சொல்லத் தவறினால் புகார் செய்யுங்கள் என்று மேனேஜரே போர்டு எழுதி மாட்டியிருந்தார். ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் வீட்டில் புருஷனுக்கு டீ ஊற்றும்போதுகூட வாய் தவறி வந்துவிட்டது.

விலை ஏறினதிலிருந்து அவள் பாடு திண்டாட்டம். ஏற்றினவன் எங்கோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறான். வாங்கிக் கட்டிக்கொள்வது இவள். "ஏம்மா, பெட்ரோல் ஊத்துறியா, எங்க ரத்தத்தை உறிஞ்சுறியா?" என்று நேற்றுகூட ஒருவர் கேட்டார். அடப்பாவி, நானா விலை போட்டேன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் புருஷன் டாக்சி ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் அவனுக்கு ஊர்க்கவலை என்று பட்டப்பெயர். "நாளைக்கு உங்க பங்க்கை மறிக்கப்போறோம்," என்றான், சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே.

"நல்லா மறிங்க! மேனேஜர் ஏற்கெனவே ஆள் குறைக்கணும்னு குதிச்சிட்டிருக்காரு. நீங்க வந்து கத்துனா முதல்ல என் சீட்டைத்தான் கிழிப்பாரு."

"அப்போ வாயைப் பொத்திட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"சும்மா இருக்கச் சொல்லல. கத்தாதீங்க, கல்லெடுக்காதீங்கன்னு சொல்றேன். திட்டுறதா இருந்தா விலை போட்டவனைப் போய்த் திட்டுங்க. அங்க நிக்கிறது நான்."

அவன் கார் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இன்ஜின் சத்தமே இல்லாமல் ஒரு நீள வரிசை வந்தது. டாக்சி, ஸ்கூட்டர், சாமான் வேன் என்று எல்லாவற்றையும் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதலில் ஒரு ஓட்டை ஸ்கூட்டர். அவள் பழக்கதோஷத்தில் குழாயை எடுத்தாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க."

"பாத்தாச்சுக்கா. அதுக்கு மேல பாக்க எங்களுக்கு வசதியில்ல," என்றார் ஸ்கூட்டர்காரர். திறந்த டேங்க் மூடியை மறுபடி திருகி மூடிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த வண்டியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. நடுவே ஆம்புலன்ஸ் ஒன்று வந்தபோது அவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். அதற்கு மட்டும் ஊற்றினாள்.

புருஷன் முறை வந்தது. இரண்டு பேர் பின்னால் தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். மீட்டரைப் பார்த்தான். "பாத்தாச்சுங்க," என்றான், யாரோ அந்நியன் மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கு அவன் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

மத்தியானம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேமராவோடு வந்து இறங்கினாள். அவள் கிட்டே வருவதற்குள் மேனேஜர் ஜீரோக்காவின் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "இதெல்லாம் உன் வீட்டுக்காரர் வேலைன்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மா கேட்டா வியாபாரம் எப்பவும் போலத்தான்னு சொல்லு. மாத்திச் சொன்னே, நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். டாக்சி பாதி நாள் ஸ்டாண்டிலேயே கிடக்கிறது. வீட்டு அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான். ஆனால் காலையிலிருந்து இத்தனை பேர், அவளை ஒரு வார்த்தை நோகச் சொல்லாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"வியாபாரம் எப்படிம்மா போகுது?" என்று கேமராவைத் தூக்கினாள் அந்தப் பெண்.

மேனேஜர் முறைத்தார். அடுத்த வண்டி வந்து நின்றது. ஜீரோக்கா குழாயை எடுத்து மீட்டரைக் கை காட்டினாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க," என்றாள், கேமராவைப் பார்த்து.

வரிசை முழுக்கச் சிரித்தது. அதைச் சொல்லாதே என்று மேனேஜர் எந்த வாயால் சொல்வார்? சொல்லத் தவறினால் புகார் செய்யச் சொல்லும் போர்டு அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.