கொம்பன் சுறா பார்த்த பக்கம்

பேய், பிசாசு, குறி கேட்பது எதுவும் எனக்கு ஆகாது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் இதையெல்லாம் நம்பினால் பிள்ளைகள் உருப்படுமா என்று மற்ற டீச்சர்மாரோடு சண்டையே பிடித்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடம் பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆய்வுகூடம் என்று பேருக்கு ஓர் அறை. அதன் கூரை மரத்தில் ஒரு கொம்பன் சுறாவின் காய்ந்த தலை நைலோன் கயிற்றில் தொங்கும். கருவாட்டுக் கடை சரிபுதீன் நானா கொடுத்தது. மூட்டையோடு வந்துவிட்டது, ஒருத்தரும் வாங்க மாட்டேன்கிறார்கள் என்றார். சுத்தியல் மாதிரித் தலை, இரண்டு ஓரத்திலும் கண் இருந்த குழிகள். வாசலைப் பார்க்கிற மாதிரித் தொங்கவிட்டிருந்தேன்.

"ஏன் டீச்சர் இதுக்கு இப்பிடித் தலை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். கண்கள் விலகி இருப்பதால் சுற்றிலும் நன்றாகத் தெரியும் என்றேன். அதைவிடப் பெரிய காரணம் தலையின் அடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள். உயிருள்ள உடம்பில் தசை அசைந்தால், இதயம் துடித்தால், மிக மெல்லிய மின்சாரம் கசியும். மணலுக்குள் புதைந்து கிடக்கிற திருக்கையைக்கூட இது அந்தத் துளைகளால் கண்டுபிடித்துவிடும். அகலமான விளக்குமாறு போல, அகலமான தலை ஒரே வீச்சில் அதிக இடத்தைத் துழாவும். பள்ளிக்கூடத்து வேலையாள் நல்லமுத்து அண்ணன் கூட்டுவதை நிறுத்திவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மலை சரிந்தது. மேல் லயம் முழுதும் மண்ணுக்குள் போய்விட்டது. நாலு நாள் மழைக்குப் பயந்து சனங்கள் ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். நல்லமுத்து அண்ணனின் மகள் தனுஜா மட்டும் ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனாள், வரவில்லை. பத்தொன்பது வயது. என்னிடம் படித்த பிள்ளை. மீட்புக்கு வந்தவர்கள் லயம் இருந்த இடத்தில் பெக்கோ இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள்.

புதன் காலை ஆய்வுகூடத்தைத் திறந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. சுறாத் தலை வாசலைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அந்த ஜன்னலுக்கு நேரே, லயத்துக்கு இந்தப் புறம், மலையூற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போகிற பாதை மண் மூடிக் கிடந்தது. ஈரத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருக்கும் என்று திருப்பி வைத்தேன். வியாழனும் அதே பக்கம். வெள்ளியும் அதே பக்கம், கயிற்றை இரண்டாக்கி இறுக்கிக் கட்டினேன். சனிக்கிழமை முடிச்சு போட்டபடியே இருந்தது, தலை மட்டும் ஜன்னலைப் பார்த்தது. பயந்ததற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே நல்லமுத்து அண்ணன் மழையில் நின்றார்.

"நாலு நாளா பாக்குறேங்க டீச்சர். நீங்க திருப்பி வைக்கிறீங்க, அது மறுபடி பீலிப் பக்கமே திரும்புது. புள்ள அங்கதாங்க இருக்கு. உசுரோட இருக்கு."

"அது செத்த மீனு அண்ணே. வெறும் காஞ்ச தலை."

"மண்ணுக்குள்ள உசுரு இருந்தா அதுக்குத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மீட்புக்காரர்களின் தலைவரிடம் போய்ப் பீலிப் பாதையைத் தோண்டச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு மீன் தலையைப் பற்றி இந்த மனுசன் என்ன சொல்கிறார் என்று அந்தத் தலைவர் என்னைக் கேட்டார். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது, பாவம் என்று சிங்களத்தில் சொன்னேன். நல்லமுத்து அண்ணனுக்கும் சிங்களம் தெரியும். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தனியாகவே மண்வெட்டியோடு போனார். மண் இன்னும் இறங்கும் என்று இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிறு காலை தலை ஜன்னலைப் பார்த்தபடி அசைந்துகொண்டிருந்தது. காற்று நுழையாத அறையில், இடமும் வலமுமாக, எதையோ தடவித் தேடுகிற மாதிரி மெதுவாக அசைந்தது. நான் அதைத் தொடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை தலை வாசலைப் பார்த்து அசையாமல் தொங்கியது. நான் திருப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்று பீலிப் பாதையை வெட்டினார்கள். பீலியின் கொங்கிரீட் சுவர் சாய்ந்து, அடியில் ஓர் ஆள் குந்துகிற அளவுக்குப் பொந்து. தனுஜா அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். உடம்பில் ஒரு காயம் இல்லை. பக்கத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசி இங்கிலீசில் இருந்தது. உயிர் பிரிந்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. நல்லமுத்து அண்ணன் அதை என்னிடம் நீட்டினார்.

"என்னா எழுதியிருக்காங்க டீச்சர்?"

"மண்ணு சரிஞ்ச ஒடனேயே போயிருச்சாம் அண்ணே. வலியே தெரிஞ்சிருக்காதாம்."

அவர் கடதாசியை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இல்லீங்க டீச்சர்," என்றார். குரலில் கோபமே இல்லை. "ஞாயித்துக்கெழம நீங்க பயந்து ஓடுனப்ப நானும் ஜன்னல்கிட்டதாங்க நின்னேன்."